இரண்டு பேர் குடியிருந்த பூட்ஸ்

என் வீட்டுக்காரருக்கு ராணுவ முகாமில் தையல் வேலை. ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். ஊசியில் நூல் கோக்கிறவருக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் தையல்காரரானாலும் சமையல்காரரானாலும் ராணுவ பூட்ஸ் போட்டுக்கொண்டு மைதானத்தை ஆறு சுற்று, பதினைந்து நிமிஷத்துக்குள் ஓடியாக வேண்டும். முடித்ததும் டாக்டர் காலைப் பார்ப்பார். கொப்புளமோ சுளுக்கோ இருந்தால் ஓடியது செல்லாது.

முதல் தடவை குதிகால் இரண்டும் உரிந்து வந்தார். இரண்டாம் தடவை கணுக்கால் சுளுக்கி, ஆள் வைத்துத் தூக்கி வந்தார்கள். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதிலும் கோட்டை விட்டால் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு வெளியே நடக்க வேண்டியதுதான்.

முகாமின் பயிற்சி வாத்தியார் நல்ல மனுஷர், தொண்டைதான் தகரம். "ஆறு வாரம் இருக்கு டெய்லரே. காலைல கேன்வாஸ் ஷூ போட்டு ஓடுங்க. பூட்ஸ் விஷயத்துல முதல்ல தோல் பழகணும். தினமும் நாலு மணி நேரம்" என்று சொல்லி அனுப்பினார்.

தோல் பழகணும். பழக்கிவிட்டால் போயிற்று!

காலை ஓட்டத்தில் அவர் ஒரு நாளும் ஏமாற்றவில்லை. பூட்ஸ்தான் தகராறு. நாள் முழுக்கத் தையல் மிஷினில் இருப்பவர், பூட்ஸ் காலோடு மிதித்துப் பார்த்ததில் மிஷின் பிய்த்துக்கொண்டு ஓடி, ஒரு அதிகாரியின் கால்சட்டையில் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டது. அதைப் பார்க்காமல் மாட்டப்போன அதிகாரி குப்புற விழுந்தார்.

"ஏங்க, நான் பழக்கித் தரேன்" என்றேன். எனக்கும் அவருக்கும் ஒரே அளவு, எட்டாம் நம்பர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது என் பிழைப்பு. நடைக்கா பஞ்சம்? "அண்ணி, எனக்கும் எட்டுதான்" என்று கொழுந்தனும் சேர்ந்துகொண்டான். அவன் பஸ் கண்டக்டர்.

காலையில் நான். மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் பூட்ஸை அவனிடம் கொடுத்துவிட்டு அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வருவேன். அந்த நாட்களில் எனக்கிருந்த மரியாதையைச் சொல்லி முடியாது. மீட்டரைக் காட்டாமல் இழுத்தடிப்பவர்கள்கூட ஓடிவந்து கதவைத் திறந்தார்கள். நாய்கள் குரைப்பதைப் பாதியில் நிறுத்தின. கொழுந்தன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல நடித்த ஒருவர் கண்ணைத் திறந்ததும் பூட்ஸைப் பார்த்து இரண்டு டிக்கெட் எடுத்தாராம்.

நாலு வாரத்தில் பூட்ஸ் பஞ்சாகிவிட்டது. பெருமை தாங்காமல் மூன்று பேருமாக வாத்தியாரிடம் கொண்டுபோனோம். அவர் உள்ளே கைவிட்டுத் தடவினார். திருப்பிப் பார்த்தார். வலது முனை தேய்ந்திருந்தது. கேட்டை உதைத்துத் திறப்பது என் வழக்கம். இடது குதி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அது கொழுந்தன் கம்பியில் சாய்ந்து நிற்கிற பக்கம்.

"இதுக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்காங்க. டெய்லர் எங்க?"

விஷயத்தைச் சொன்னோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் சொன்னது கால் தோலை! நீங்க பழக்கினது மாட்டுத் தோலை!"

கொழுந்தன் சிரித்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவர் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேனே! வீட்டுக்காரர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "விடு, தோல்னு சொன்னதும் எனக்கும் பூட்ஸ்தானே ஞாபகம் வந்துச்சு" என்றார்.

வாத்தியார் குதியைச் சரிசெய்து, உள்ளே புது மெத்தை வைத்துக் கொடுத்தார். "இனிமே இதை வேற யாரும் தொடக் கூடாது. ரெண்டு சாக்ஸ் போடுங்க. ஒரு வாரம் நடை மட்டும், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சம் கொஞ்சமா ஓட்டம். தரையை அறையாதீங்க. சின்ன சின்ன அடி."

அதன்பிறகு குளிக்கவும் தூங்கவும் மிஷின் மிதிக்கவும் மட்டும்தான் கழற்றினார். பல் தேய்ப்பதும் காய் நறுக்குவதும் பூட்ஸோடுதான். கூடத்துக்கும் சமையலறைக்கும் சின்ன சின்ன அடியாகப் போய்வந்தார். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, பட்டாளம் யாரையாவது தேடுகிறதா என்று கேட்டார்.

ஓட்டத்தன்று நானும் கொழுந்தனும் கம்பிவேலிக்கு வெளியே நின்றோம். நாலாவது சுற்றில் அவர் முகம் வெளுத்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலியோடு சேர்ந்து நானும் ஓடினேன். "சின்ன அடிங்க! சின்ன அடி!" பதினாலு நிமிஷம் ஐம்பது செகண்டில் அவர் கோட்டைத் தாண்டினார். நான் அந்தச் சந்தோஷத்தில் குழியில் காலை விட்டு, கணுக்கால் மடங்கி விழுந்தேன்.

உள்ளே டாக்டர் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்து, காயமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினான்: "அண்ணா, அண்ணி விழுந்துட்டாங்க!"

சாக்ஸ் இல்லை, கயிறு கட்டவில்லை. வெறுங்காலைப் பூட்ஸில் திணித்துக்கொண்டு, பெரிய பெரிய அடியாகப் போட்டு, தரை அதிர மைதானத்தின் குறுக்கே ஓடிவந்தார். வந்து சேரும்போது இரண்டு குதிகாலிலும் ரத்தம்.

பின்னாலேயே வந்த டாக்டர், "இப்ப பாத்திருந்தா ஃபெயில்" என்றார். வாத்தியார் காகிதத்தை அவசரமாகச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "கையெழுத்து போட்டாச்சு சார்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ரெண்டு சாக்ஸ் போடணும்னு எத்தனை தடவை சொன்னாங்க உங்களுக்கு?"

அவருக்கு மூச்சே வரவில்லை. "நீ விழுந்துட்டேன்னு சொன்னானே" என்றார்.