படிவத்தில் இல்லாத கேள்வி

"பீடி குடிக்கிறவன் நானு. உங்கம்மாவுக்கு இன்னாத்துக்கும்மா ஹார்ட் டெஸ்ட்டு?" என்று அப்பா சிரித்தார்.

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறாள். அங்கே நடந்த இதயப் பரிசோதனை முகாமில் தொழிலாளர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க நான் போயிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது நர்சிங் படிக்கிறேன். பீடி உண்டா, குடி உண்டா, சர்க்கரை உண்டா என்று படிவம் கேட்டது. ஒன்றுக்காவது 'ஆம்' என்றவர்களைத்தான் டாக்டரிடம் அனுப்பினார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றுவிட்டு மெஷினுக்குக் கிளம்பினாள்.

கையைப் பிடித்து நிறுத்தினேன். "நான் வயித்துல இருந்தப்போ பிரஷர் இருந்துச்சாம்மா?"

"ஜாஸ்தியாத்தான் இருந்துச்சு. காலு பூசணிக்கா மாதிரி வீங்கிச்சு. நீ பொறந்ததும் போய்டுச்சு. புள்ளத்தாச்சி கதைய கம்பெனில போய் சொல்லுவாங்களாடி?"

கர்ப்ப காலத்தில் வந்த ரத்த அழுத்தம் பிற்காலத்தில் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்று வகுப்பில் படித்திருந்தேன். ஆண்களுக்கு வராத அந்த ஆபத்துக்குப் படிவத்தில் இடமே இல்லை. அதைக் கீழே கையால் எழுதி, அம்மாவை வரிசையில் நிறுத்தினேன். பிரஷர் அதிகமாகவே இருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க, மாத்திரையில அடக்கிடலாம். இத யாரு எழுதினது?" என்றார் டாக்டர்.

"எம் பொண்ணு சார்!" என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னாள் அம்மா.

இப்போது காலையில் அப்பாதான் அவளுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார். அடுத்த முகாமின் படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்த்து டைப் அடித்து, நேற்று டாக்டரிடம் கொடுத்துவிட்டேன்.