ஓடாமல் கணக்கிட்ட வேகம்

வேகத்தைக் கற்பிக்கும் பாடத்தில் ஓடும் உரிமை யாருக்கு? காஞ்சிபுரத்தில், மகளை அழைத்துவரப் பள்ளிக்குப் போன என்னை ஒரு விசில் சத்தம் இப்படிக் கேட்க வைத்தது. மைதானத்தில் மாணவர்கள் ஓடினார்கள். மாணவிகள் கடிகாரம் பார்த்தார்கள்.

நான் படித்த பள்ளியிலும் அன்று இதே விசில், சுடும் மணலில் இதே சுண்ணாம்புக் கோடு.

"நானும் ஓடறேன் சார். தெருவுல இவனுங்க என் பின்னாடிதான் மூச்சு வாங்கிக்கினு வருவானுங்க," என்றாள் என் தோழி வள்ளி.

"பாவாடை தடுக்கி விழுந்தா உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது? நீ டைம் பாருமா," என்றார் அறிவியல் ஆசிரியர்.

தூரத்தை நேரத்தால் வகுத்து, பையன்களின் வேகத்தை அவள் பிழையின்றி எழுதினாள். தன் வேகம் எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியாமலே போனது. இதைப் பாடம் என்று எப்படிச் சொல்வது?

மகளின் பள்ளிக்குள் போய் அவளுடைய ஆசிரியரிடம் வள்ளியைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் என் மகள் ஓடினாள். ஒரு பையன் நேரம் பார்த்தான்.