திரைக்குப் பின்னால் உட்கார்ந்த நோர்வூட் லொறி

நுவரெலியாவில் படம் ஓட்டியவர்களில் என்னை மாதிரி மெஷின்காரன் கிடையாது. இது பொய். மெஷினை ஓட்டியது மியூசியத்துக்குப் பொறுப்பாக இருந்த யாழ்ப்பாணத்து சார். நான் அதைத் தூக்கி வருவேன், திரை கட்டுவேன், படம் ஓடும்போது பக்கத்தில் விறைப்பாக நிற்பேன். என்னைத்தான் மெஷின்காரன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் மறுத்ததில்லை.

துரை ஒருவர் விட்டுப்போன பழைய பங்களாதான் மியூசியம். ஹாலின் பின்பாதி முழுக்க பஞ்சடைத்த சிறுத்தையும் கண்ணாடிப் பெட்டிகளும். அதனால் திரையை நடு ஹாலில், இரண்டு தூணுக்கு இடையில் கட்டுவோம். டிசம்பர் லீவில் டவுன் குடும்பங்கள் வந்து இலவசமாகப் படம் பார்க்கும். அந்த வருடம் சார் மேலிடத்தில் கெஞ்சி, தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கும் ஒரு நாள் வாங்கினார். துரைமார் லொறி தந்ததும் அந்த ஒரு நாளைக்குத்தான்.

அன்று காலையில் திரைத்துணியைச் சேற்றில் போட்டேன். துவைத்தேன். அந்தக் குளிரில் அது எங்கே காயும்? சொட்டச் சொட்டக் கட்டினேன்.

"என்னடாப்பா, திரை அழுதுகொண்டு நிக்குது?" என்றார் சார்.

"சோகப் படம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க சார்."

சார் சிரிக்கவில்லை.

வலப்பனைப் பக்கத்து லொறி மதியம் வரவேண்டும். நோர்வூட் லொறி அதற்குப் பிறகு. வலப்பனை லொறி வழியில் மண்ணில் புதைந்து, இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன. வலப்பனைக்காரர்கள் இறங்கியதுமே முன்பாதி நிரம்பிவிட்டது. இருட்டுவதற்குள் லொறிகள் திரும்ப வேண்டும், இரண்டு தடவை ஓட்ட நேரமில்லை. வெளியே நோர்வூட் ஆட்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு மழையில் நின்றார்கள்.

"இடமில்லை. வெளியிலை நிக்கிற சனத்தைத் திருப்பி அனுப்பு" என்றார் சார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

நான் போய் நோர்வூட் கங்காணியிடம் சொன்னேன்.

"பிள்ளைங்க விடியக்காலையில இருந்து இதே பேச்சா இருக்குங்க. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திருப்பிக் கூட்டிட்டுப் போறது?" என்றார்.

"மழையிலயாவது நிக்காதீங்க" என்று ஹாலின் பின்கதவைத் திறந்துவிட்டு, அவர்களைச் சமாளிக்கப் பயந்து மெஷின் பக்கம் ஓடினேன்.

படம் தொடங்கியது. ஈரத்துணியில் மங்கலாகத்தான் விழுந்தது. என் வேலை போச்சு என்று நினைத்த நேரம், திரைக்குப் பின்னாலிருந்து ஒரே சிரிப்பு. சார் என்னைப் பார்த்தார். ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

தோட்டத்துத் திடலில் ஆடுகிற காமன் கூத்துக்குச் சுற்றி உட்காருகிற மாதிரி, நோர்வூட் லொறி மொத்தமும் சிறுத்தையைச் சுற்றிச் சம்மணம் போட்டிருந்தது. கூத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் ஏது? ஈரத்துணியை வெளிச்சம் ஊடுருவி, முன்பக்கத்தில் தெரிந்ததைவிடப் பளிச்சென்று படம் தெரிந்தது.

சாரும் வந்துவிட்டார். "இஞ்சாலை எழுத்தெல்லாம் இடம்வலம் மாறியல்லோ தெரியும்?"

பிள்ளையை மடியில் வைத்திருந்த ஓர் அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நேரா இருந்தா மட்டும் வாசிச்சுக் கிழிச்சிருவோமாக்கும்? மறைக்காம நகருங்க சார்."

சார் நகர்ந்தார். வெளியே வந்து சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "அடுத்த லீவுக்கும் துணியை நனைச்சே கட்டு" என்றார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிமாருக்குச் சொல்கிறேன்: ஹால் நிரம்பிவிட்டது என்று சொல்லுமுன் திரைக்குப் பின்னாலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

படம் முடிந்ததும் வாசலில் சண்டை. படத்தில் வந்த ரயில் இடப்பக்கம் போனது என்கிறது வலப்பனை, வலப்பக்கம் என்கிறது நோர்வூட். "மெஷின்கார அண்ணனையே கேப்போம்" என்று என்னைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு...

இருங்கள், வீட்டுக்காரி கூப்பிடுகிறாள். ரொட்டி ஆறுகிறதாம்.