உரம் போட்ட மூலை

சுவிஸின் ஷ்லீரனில், நாங்கள் முன்பு இருந்த தொடர்மாடிக்குப் பின்னால், அழிந்துபோன புல்வெளியை மீட்க அயலவர்களோடு நானும் சேர்ந்து, வேறொரு புல்வெளியிலிருந்து விதையோடு வெட்டி வந்த புல்லை வெறும் மண்ணில் பரப்பியபோது, அந்த வாசனை என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோனது. அப்பாவும் அம்மாவும் துப்புரவு வேலை முடிந்து வரும்வரை, கழுத்தில் வீட்டுச் சாவி தொங்க நான் இருந்தது இங்கேதான். வெட்டுக்கிளிகளின் சத்தமும், முழங்காலில் உரசும் மெல்லிய புல்லும், நான் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த ஊதாப் பூக்களும்தான் எனக்குத் துணை. பூக்கள் மெலிந்திருக்கின்றன என்று அப்பாவிடம் கவலைப்பட்டேன். ஊரில் தோட்டம் செய்தவர், கறிவேப்பிலைச் சாடிக்கு வாங்கிய உரத்தைத் தந்தார்.

"போடு பிள்ளை, சாப்பாடு காணாட்டி பூ எப்பிடி வரும்?"

தினமும் போட்டேன். அடுத்த வருடம் என் மூலையில் புல் இடுப்பளவு வளர்ந்தது. பூ ஒன்றுகூட இல்லை. நான் வீட்டுக்குள்ளேயே இருக்கப் பழகினேன்.

இன்று, என்ன உரம் போடுவோம் என்று குழுத் தலைவியிடம் கேட்டேன். அவள் பதறிப்போனாள்: உரம் போட்டால் முரட்டுப் புல் எழும்பி இந்தப் பூக்களை மூடிவிடுமாம், இவற்றுக்குச் சத்துக் குறைந்த மண்தான் வேண்டுமாம்.

பின்னேரம், புல்வெளி வேலை எப்பிடிப் போனது என்று கேட்க அப்பா எனக்கு ஃபோன் எடுத்தார்.

"உரம் போட்டனியோ, பிள்ளை?"

"ஓம், அப்பா."