சைக்கிளுக்குத் தைத்த காவிப் பை

பை தைக்கிறவள் எங்கும் போவதில்லை. அவள் தைத்த பைதான் ஊர் ஊராகப் போய்வரும். என்னைப் போலவே தையல் மிஷினுக்கு முன்னால் குனிந்து குனிந்தே கழுத்து வளைந்துபோன உங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் தமிழ் பி.ஏ. படித்துவிட்டு, மதுரை சிம்மக்கல்லில் என் கணவர் வைத்திருந்த கித்தான் பைக் கடையில் தைக்க உட்கார்ந்தவள். கார்த்திகை வந்தால் சபரிமலைக்கு இருமுடிப் பை. மற்ற மாதங்களில் மளிகைப் பை. எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில் வந்த ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சில பேர் ஒருவராகவே வந்து ஒரு சீசனை நிரப்பிவிடுவார்கள்.

இடுப்பளவு

ஜெயசீலன் சார் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒருநாள் சைக்கிளைக் கடைக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்து, "இதுக்குப் பை தைக்கணும்மா" என்றார். மே மாத லீவில் சைக்கிளிலேயே கொடைக்கானல் ஏறி, பூம்பாறையையும் தாண்டி, பஸ் போகாத மலைகளுக்குள் நாலைந்து நாள் சுற்றப்போகிறாராம். சின்ன வயதிலிருந்தே ஆசை. ஜூனில் அவர் தலைமை ஆசிரியர். "ஹெட்மாஸ்டர் ஆயிட்டா ரோட்டுல மூச்சு வாங்கக்கூட முடியாதும்மா, பயலுக சிரிப்பானுக. இந்த மே விட்டா எனக்கு மலை இல்ல." சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

சைக்கிளுக்கு எப்படிப் பை தைப்பது? எனக்குத் தெரிந்த வெட்டு இருமுடி வெட்டு ஒன்றுதான்: முன்னால் ஒரு வாய், பின்னால் ஒரு வாய், நடுவில் மடிப்பு. அதையே பெரிதாக்கி, கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும்படி தைக்கலாம் என்று முடிவு செய்தேன். சீசனில் மிஞ்சிய காவிக் கித்தான் கிடந்தது. அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர்; ஆனாலும் நிறத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளைச் சுற்றிவந்த பாண்டியம்மாள், எங்கள் கடையில் என்னோடு தைத்தவள், சொன்னாள்: "மாப்பிள்ளைக்கு அளவு எடுத்திருக்கேன், மாரியம்மனுக்குப் பாவாடை அளவு எடுத்திருக்கேன், சைக்கிளுக்கு இடுப்பளவு எடுக்கிறது இன்னிக்குத்தான்க்கா."

கும்பிடு

பையை மாட்டிப் பார்க்கிற அன்றைக்கு, மனைவி கிரேஸ் டீச்சரையும் மலைக்கான சாமான்களையும் ஒரு ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மண்ணெண்ணெய் ஸ்டவ், காற்றடிக்கும் பம்ப், ஜமுக்காளம், கம்பளி, குடை. அதற்கு மேல் டீச்சர் தன் பங்குக்கு ஓர் இட்லிக் கொப்பரையை வைத்தார். காட்டில் அவர் வயிற்றுக்கு வேறெதுவும் ஒத்துக்கொள்ளாதாம். மாவுக்கு எங்கே போவார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆட்டுரலும் வந்திருக்கும்.

எல்லாவற்றையும் திணித்து முடித்து, சார் கையை எடுத்தார். சைக்கிள் ஒரு கணம் யோசித்தது. பிறகு பின்பக்கம் அமுங்க, முன்சக்கரம் மெல்ல மேலே எழுந்து ஆகாயத்தில் நின்றது. டீச்சர் சொன்னார்: "பாத்தீங்களா, சைக்கிளே கையெடுத்துக் கும்பிடுது, என்னைய விட்ருங்க சாமின்னு."

ஏற்றம்

மலையேறப் பழக வேண்டுமே. மதுரையைச் சுற்றிப் பாறை மலைகள் உண்டு, ஆனால் சைக்கிள் ஓடும் ரோடெல்லாம் தோசைக்கல் போலத் தட்டை. ஏற்றம் என்று சொல்ல ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். வைகையில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, மணலுக்கு இல்லை. பையின் இரண்டு வாயிலும் மணலை நிரப்பிக்கொண்டு சார் தினமும் சாயங்காலம் பாலத்தின் மேல் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். பை கிழிந்தது. தைக்கக் கொண்டுவந்தபோதுதான் நடந்ததைச் சொன்னார்.

பாலத்தடியில் நின்ற கான்ஸ்டபிள் நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மறித்திருக்கிறார். மணல் எங்கே போகிறது என்று கேட்டதற்கு இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்: எங்கேயும் போகவில்லை. கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தபடி சொன்னாராம்: "மணலை அந்தப் பக்கம் கொண்டுபோனா கடத்தல் சார், கேஸ் போட்ருவேன். கொண்டுபோயி இந்தப் பக்கமே திருப்பிக் கொண்டாந்தா அதுக்கு என்ன சட்டம்னு நீங்களே சொல்லுங்க."

சமயநல்லூர் டீக்கடை

சாமானில் பாதியை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, ஒருவழியாகப் புறப்பட்டார். பத்து மைல்கூட இராது, சமயநல்லூரில் டீ குடிக்க இறங்கியிருக்கிறார். காவித் துணியில் இருமுடி போலப் பை. சவரம் செய்யாத முகம். எங்கே பயணம் என்று கேட்டார்கள். பூம்பாறை என்றார். அவ்வளவுதான். பூம்பாறையில் முருகன் கோயில் இருக்கிறது. ஒருவர் சார் காலில் தண்ணீர் ஊற்றினார். ஒருவர் தேங்காய் கொண்டுவந்தார். மகனுக்குக் காய்ச்சல் விட்டதற்காக ஒரு பெண் மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து பைக்குள் வைத்தாள். தேங்காய்களுக்கு இடம் போதாமல் ஸ்டவ்வும் இட்லிக் கொப்பரையும் டீக்கடையிலேயே தங்கிவிட்டன.

சாரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, "அம்மா, நான் வேதக்காரன். சும்மா மலை பாக்கப் போறேன்" என்று உரக்கச் சொன்னார். காணிக்கை முடிந்த பெண் இரண்டு கைகளாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்: "வேதக்காரவுகளே சைக்கிள் மிதிச்சுப் போறாகன்னா அந்தச் சாமிக்கு எம்புட்டுச் சக்தி இருக்கணும்!"

திரும்பி வந்த பை

லீவு முடியும் முன்பு கடைக்கு வந்தார். கறுத்திருந்தார், முழங்காலில் கட்டு. ஓரம் பிரிந்த பையைத் தைக்கச் சொல்லி மேஜைமேல் வைத்தார். காவி வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் பையின் வாயைத் திறந்து முகத்தை உள்ளே வைத்தேன். நனைந்த மண், யூகலிப்டஸ் இலை, யாரோ மூட்டிய விறகின் புகை. அதற்கெல்லாம் அடியில், நான் பார்த்திராத ஒரு குளிர்.

மலையின் முதல் வளைவுகளிலேயே மூச்சு நின்றுவிடும்போல் இருந்ததாம். ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாராம். கீழே இறங்கும் லாரி ஒன்று நின்று, ஏறிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. ஏறவில்லை. பூம்பாறையில் தேங்காயையும் காணிக்கையையும் சேர்த்துவிட்டு, அதற்கப்பால் மூன்று நாள் தனியாகச் சுற்றியிருக்கிறார். வரும் வழியில் சமயநல்லூரில் வீடு வீடாக விபூதியும் கொடுத்தாராம். லாரியில் ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். "என் சாமானா இருந்தா அங்கனயே திரும்பியிருப்பேன்மா. பையில இருந்ததெல்லாம் ஊர்க்காரங்க வேண்டுதல். அதோட லாரியில எறங்குனா சமயநல்லூரை எப்படித் தாண்டுறது?"

இத்தனை வருஷத் தொழிலில் நான் ஏறிய ஒரே மலை அந்தப் பையின் வாசனைதான். அதையும் நன்றாகத் துவைத்துத் தரும்படி மறுநாளே கிரேஸ் டீச்சர் சொல்லி அனுப்பிவிட்டார்.