மிதப்புக் கட்டைச் செருப்பு

விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து மரத்தில் தேய்த்தால் ஒரு மணம் வரும். எரிந்த திரியும் பழைய எண்ணெயும் உப்புக்காற்றில் காய்ந்த கட்டையும் கலந்த மணம். என் பதினொரு வயதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அந்த மணந்தான். அடுப்படிக் குசினி வாசலில் குந்தியிருந்து, அக்காவின் இடதுகால் செருப்பை மடியில் வைத்துப் பழந்துணியால் கரி தேய்ப்பது என் வேலை. வலதுகால் செருப்புக்கு அந்தப் பணிவிடை தேவையில்லை. அது யாழ்ப்பாணப் பட்டணத்துக் கடையில் வாங்கியபடியே இருந்தது. இடதுகால் செருப்பின் அடியில் மட்டும் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஒரு கட்டை பொருத்தியிருந்தது. அந்தக் கட்டையும் செருப்போடு கூடப் பிறந்ததுதான் என்று பார்ப்பவர் நம்பும்படி கரி பூசுவதில் நான் கெட்டிக்காரி என்று வீட்டில் பெயர்.

அக்காவுக்குத் திலகம் என்று பெயர். அவளுக்கு நாலு வயதில் வந்த காய்ச்சல், போகும்போது இடதுகாலின் வளர்த்தியையும் கொஞ்சம் கையோடு கொண்டுபோய்விட்டது என்று எங்களைப் பெற்ற ஐயா சொல்வார். எங்கள் ஊரான சுருவிலில் புகையிலை நட்டுக்கொண்டிருந்த ஐயாவுக்கு ஊர்காவற்றுறைத் துறையடியில் சவிரி என்றொரு கூட்டாளி இருந்தார், கடல் தொழில். வலை தாழாமல் இருக்க மேற்கயிற்றில் கட்டுகிற மிதப்புக் கட்டைகளை முள்முருக்கு மரத்தில் அவரே செதுக்குவார். அந்த மரத்திலேயே ஒரு துண்டைச் செதுக்கி அக்காவின் செருப்பில் பொருத்திக் கொடுத்தவரும் அவர்தான். "தண்ணியிலை தாழாத கட்டை, காலிலை கனக்குமே தங்கச்சி? போட்டிட்டு ஓடிப் பாரும்" என்று அவர் சொன்னபோது அக்கா வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன். அவள் அப்படிச் சிரிப்பது குறைவு.

அந்நாளில் எங்கள் பக்கத்துப் பெண்கள் செருப்புப் போடுவது அருமை. பள்ளிக்கூடத்து ரீச்சர்மார் போட்டால் மட்டும் ஊர் பொறுத்துக்கொண்டது. அக்கா சின்ன வகுப்புக்கு ரீச்சராக இருந்தபடியால் எங்களுக்கு அந்த வழி கிடைத்தது. அதிலும் பருவம் பார்க்கவேண்டும். வைகாசி தொடங்கிச் சோழகக் காற்று வீசுகிற மாதங்களில் வேலிகளுக்கு நடுவே போகிற ஒழுங்கைப் பாதையின் மணல் அடுப்பில் போட்டதுபோல் கொதிக்கும், அப்போது செருப்பை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தக் காற்று பொல்லாதது, சேலையைக் காலோடு ஒட்டப் பிடித்து உள்ளதை உள்ளபடி காட்டிவிடும். அதற்காகச் சேலைக் கரையின் உட்புறத்தில் சின்ன ஈயக்குண்டுகளை அம்மா தைத்து வைத்திருந்தார். வலையைத் தாழ்த்துகிற குண்டுகள்தான், அதுவும் சவிரி அண்ணை தந்தது. "வலைக்கு மேலை மிதப்பு, கீழை ஈயம். உங்கடை பிள்ளைக்கு இரண்டும் கீழைதான்" என்று அவர் பகிடி விடுவார்.

இடது கையில் ஆறு கண்ணாடிக் காப்பு, வலது கையில் கறுப்புக் குடை, இடுப்பில் செருகிய லேஞ்சிக் கைக்குட்டை, காதில் சிவப்புக்கல் தோடு. இதற்கு எங்கள் வீட்டில் "சோழகக் கோலம்" என்று பெயர். காப்பைக் கூட்டிக் குறைத்து, சேலைக்குத் தோதான நாடா எடுத்துப் பின்னலில் முடிந்து, வாசலில் நிறுத்தி ஒருமுறை நடக்கவிட்டுப் பார்ப்பது என் பொறுப்பு. "கையைப் பாக்கிற சனம் காலைப் பாக்காது மோனை, காப்பை நல்லாய்ச் சத்தம்போட விடு" என்பார் அம்மா.

ஐப்பசி பிறந்து வாடைக்காற்றோடு மழை வந்தால் எல்லாம் தலைகீழ். ஒழுங்கையெல்லாம் கணுக்கால் வெள்ளம் நிற்கும். செருப்போடு நடந்தால் பைத்தியம் என்பார்கள். அப்போது "வாடைக் கோலம்": வெறுங்கால், தலையில் முந்தானை, மடித்த சேலை, ஒரு கை என் தோளில். யாரும் எழும்ப முதல் பள்ளிக்கூடம் போய், எல்லோரும் போனபின் திரும்புவோம். ஆண்டில் பாதி அக்கா நிமிர்ந்து நடந்தாள், மற்றப் பாதி என் தோளில் நடந்தாள் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

இப்படியிருக்க ஓர் ஆவணி மாதத்தில் காரைநகரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஏதோ அலுவலாக வண்டியில் போகும்போது, பள்ளிக்கூட வாசலில் அக்கா குடை பிடித்து நடந்து வந்ததைக் கண்டு பிடித்துப்போயிற்றாம். தரகர் இரண்டு தரம் வந்து போனார். பெண் பார்க்கக் கார்த்திகையில் ஒரு நாள் குறித்தார்கள். அக்கா அன்றிரவு சாப்பிடும்போது, "அம்மா, காலைப் பற்றி முதலே சொல்லிப்போடுங்கோ" என்றாள். அம்மா சோற்றைப் போட்டபடியே, "சொல்லலாம், சொல்லலாம். முதல் அவை வந்து உன்ரை முகத்தைப் பாக்கட்டும்" என்றார். ஐயா கை கழுவ எழும்பினார். அதற்குப் பிறகு அக்கா மூன்று தரம் கேட்டாள்; மூன்று தரமும் அதே பதில்.

வீட்டுக்குள் செருப்புப் போட ஏலாது என்பதால் அம்மா ஒரு திட்டம் வைத்திருந்தார். வருகிறவர்கள் வரமுன்பே அக்காவை விறாந்தையில் பாயில் இருத்திவிடுவது. அவர்கள் போனபின் எழுப்புவது. பின்னேரம் வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். அன்று காலை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வரும்படி அம்மா எங்களை அனுப்பினார். முதல்நாள் மழையில் ஒழுங்கை நிறைந்து கிடந்தது. அக்கா வெறுங்காலோடு புறப்பட்டாள். அம்மா விடவில்லை. "இண்டைக்கு ஆர் எந்த மூலையிலை நிண்டு பாப்பினமோ, செருப்பைப் போடு" என்றார். வாடைத் தண்ணீரில் சோழகக் கோலம். நாங்கள் செய்த முதற் பிழை அது.

கோயிலால் திரும்பிப் பாதித் தூரம் வந்திருப்போம். தூறல் விழுந்தது, அக்கா முந்தானையால் தலையை மூடி, குடையைத் தாழ்த்திப் பிடித்திருந்தாள். சேற்றில் இடதுகால் செருப்பின் வார் கழன்றது. கால் வெளியே வந்ததும் செருப்பும் வெளியே வந்தது. கவிழவில்லை, அமிழவில்லை, ஒரு குட்டி வள்ளம்போல் நிமிர்ந்து மிதந்துகொண்டு, ஒழுங்கைத் தண்ணீர் ஓடுகிற பக்கமாய்த் தன்பாட்டில் போயிற்று. அக்கா வேலியில் நட்ட கதியால் தடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நான் அதைப் பிடிக்க ஓடினேன்.

ஒழுங்கை முனையில் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். நடுவயது அம்மா ஒருவர், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி; அவரோடு ஓர் ஆண். காற்றுக் கூடமுன் வள்ளத்தை விடவேண்டும் என்று வள்ளக்காரர் பிடிவாதமாய் நின்றதால் காலையிலேயே கடல் கடந்து வந்துவிட்டார்கள் என்பதும், வண்டில் சில்லு சேற்றில் புதையும் என்று வண்டிலைச் சந்தியில் தரகரோடு விட்டுவிட்டு நடந்து வருகிறார்கள் என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தவுடனே அவர்கள்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அந்த ஊர் ஒழுங்கையில் நான் முகம் அறியாதவர்கள் வேறு யார் வரப்போகிறார்கள்?

செருப்பு நேரே அந்த அம்மாவின் காலடிக்குப் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்தார்.

"சுருவில் ஆக்களின்ரை செருப்புக்கும் நீச்சல் தெரியுது, பாத்தியே அக்கா!" என்று கூட வந்தவர் சிரித்தார். அவர்தான் அந்தத் தாய்மாமன்; அந்த அம்மா மாப்பிள்ளையின் தாய்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. செருப்பைக் கையில் நிறுத்துப் பார்ப்பதுபோல் ஏந்தி, அடிக்கட்டையைப் பெருவிரலால் தடவினார். கரி விரலில் ஒட்டியது. பிறகு என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வேலியோடு நின்ற அக்காவைப் பார்த்தார்.

"பிள்ளை, இது உங்கடையோ?"

"எங்கடை இல்லை" என்றேன்.

இரண்டே சொல். கேட்டு முடிக்குமுன் வந்துவிட்டது. இருந்தாலும் அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார், நான் மாற்றிச் சொல்வேனோ என்று பார்ப்பவர்போல. தண்ணீருக்குள் நிற்கும்போது அக்காவின் இரண்டு கால்களும் தெரியவில்லை. அது ஒன்றுதான் என் நினைவில் ஓடியது. "சரி, ஆரும் தேடி வருவினம்" என்று சொல்லி, செருப்பை ஒரு கதியாலின் தலையில் கொளுவிவிட்டு அவர்கள் மெல்ல நடந்தார்கள்.

நாங்கள் பக்கத்து வளவு வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் புகுந்து அவர்களுக்கு முன்னே வீடு சேர்ந்தோம். நடந்ததைச் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நிமிடமே தெளிந்துவிட்டார்.

"முகத்தைக் கண்டவையோ?"

"குடை மறைச்சது" என்றேன் நான்.

"பிறகென்ன! சின்னவள்தான் இல்லையெண்டு சொல்லிப்போட்டாளே. வேறை சேலை உடு. தலையையும் மாத்திக் கட்டு."

"அம்மா, காணும், போதும். சொல்லிப்போடுவம்" என்றாள் அக்கா.

அம்மா கேட்கவில்லை. வேறொரு பெண்ணாக அக்காவை மாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. நீலச் சேலையைக் களைந்து அரக்குச் சேலை உடுத்தினேன். பின்னலை அவிழ்த்துக் கொண்டையாக முடிந்தேன். சிவப்புக்கல் தோட்டைக் கழற்றி அம்மாவின் தோட்டைப் போட்டேன். காப்புகளைக் கை மாற்றினேன். அத்தனை கெதியாய், அத்தனை திறமாய் நான் அவளை ஒருநாளும் சோடித்ததில்லை. அக்கா பொம்மைபோல் கையைத் தந்துகொண்டு நின்றாள். கடைசியாகப் பொட்டு வைக்கும்போதுதான் பேசினாள்: "நீ இல்லையெண்டு சொன்னாப்பிறகு, நான் என்னெண்டு பிள்ளை ஓமெண்டு சொல்லுறது?"

விறாந்தையில் எல்லாம் திட்டப்படி நடந்தது. வந்தவர்கள் கதிரையில் இருந்தார்கள். அக்கா பாயில் இருந்தாள், முன்னால் வெற்றிலைத் தட்டம். மழையைப் பற்றியும் வள்ளத்தைப் பற்றியும் கதை போயிற்று. அந்த அம்மாவின் பெருவிரல் இன்னும் கறுப்பாயிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவில் அவர், "பிள்ளை, அந்த வெத்திலைத் தட்டத்தை இஞ்சாலை கொண்டு வாரும்" என்றார்.

"இரண்டு நாளாய்க் காய்ச்சல் அவளுக்கு, எழும்ப ஏலாமல் இருக்கிறாள். சின்னவள் கொண்டருவாள்" என்றார் அம்மா.

நான் எழும்பினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இருத்தினாள். பிறகு சுவரில் கை ஊன்றித் தான் எழும்பினாள். தட்டத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். எட்டு அடி இருக்கும். வெறுங்காலில் ஒவ்வோர் அடிக்கும் உடம்பு இடப்பக்கம் தாழ்ந்து நிமிர்ந்தது. பாக்குகள் தட்டத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உருண்டன.

"அது என்ரை செருப்புத்தான் மாமி. தங்கச்சி பயத்திலை சொல்லிப்போட்டாள்."

அந்த அம்மா தட்டத்தை வாங்கி வைத்துவிட்டு, அக்காவைத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஒரு கால் கட்டை, நீளம் குறைவெண்டு தரகர் ஆவணியிலையே எங்களுக்குச் சொன்னவர் பிள்ளை. என்ரை மோனும் ஓமெண்டுதான் சொன்னவன். தாய் தகப்பன் வாயாலை ஒருக்கால் கேப்பமெண்டுதான் வந்தனாங்கள்."

பிறகு அம்மாவைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் சொல்லிப்போட்டீர்" என்று அக்காவின் கையைத் தட்டினார். "ஆனால் நாங்கள் ஒரு வீட்டோடையெல்லோ சம்பந்தம் செய்யிறது."

வெற்றிலையைத் தொடாமல் எழும்பிப் போனார்கள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும்போது செருப்பு அந்தக் கதியாலிலேயே கொளுவிக் கிடந்தது. எடுக்கப்போன என்னை அக்கா, "விடு" என்றாள். அன்றிலிருந்து அவள் சோழகத்திலும் வெறுங்கால்தான். கொதிமணலில் முதல் வருஷம் பாதம் கொப்புளித்தது. பிறகு தோல் தடித்துவிட்டது. சேலைக் கரையிலிருந்த ஈயக்குண்டுகளைத் தானே இருந்து பிரித்து எடுத்தாள். பிள்ளைகள் ஒரு கிழமை "நொண்டி ரீச்சர்" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவள் திரும்பிப் பார்த்து "ஓம், என்ன?" என்று கேட்டபடியால் அந்தப் பகிடி செத்துப்போயிற்று. அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. அம்மா சாகும்வரைக்கும் தரகரைத்தான் திட்டினார்.

அக்கா என்னை ஒரு சொல் ஏசியதில்லை. ஆனால் விடியற்காலையில் பழக்கதோஷத்தில் நான் காப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், "நான் போடுறன் பிள்ளை, நீ உன்ரை பாடத்தைப் பார்" என்பாள். மெதுவாகத்தான் சொல்வாள். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன், பிறகு போவதை விட்டுவிட்டேன். என் தோளிலும் அவள் பிறகு கை வைக்கவில்லை. ஐயா வெட்டிக் கொடுத்த பூவரசந்தடி ஒன்று அந்த இடத்துக்கு வந்தது. எனக்குக் கலியாணமாகி ஊர்காவற்றுறைக்குப் போனபோது, அவள்தான் என்னைச் சோடித்து அனுப்பினாள்.

இப்போது ஊர்காவற்றுறைக் கடைகளில் றப்பர்ச் செருப்புகள் கொத்துக் கொத்தாய்த் தொங்குகின்றன, மழைக்கும் வெயிலுக்கும் ஒன்றேதான். சுருவில் ஒழுங்கைக்குத் தார் போட்டுவிட்டார்கள், வேலியிருந்த இடத்தில் மதில். எந்தப் பொட்டுக்குள்ளாலும் யாரும் யாருக்கும் முன்னே ஓடி வீடு சேர ஏலாது. சோழகக் கோலம், வாடைக் கோலம் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் முற்றத்தில் போடுகிற கோலமா என்று கேட்கிறார்கள். என்னைத் தவிர அந்தச் சொற்களை அறிந்த கடைசி ஆளான அக்காவும் போய்ச் சேர்ந்து இந்தத் தையோடு மூன்று வருஷம்.

அன்று அக்காவைக் குளிப்பாட்டி உடுத்தினது நான். அத்தனை வருஷத்துக்குப் பிறகு என் கையால். கிடத்திவிட்டுக் கால் பெருவிரல்கள் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டவேண்டும், இடதுகால் எட்டவில்லை. இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. என் மருமகள் நல்ல பிள்ளை, காதுக்குள் மெல்லச் சொன்னாள்: "சேலையை இழுத்து மூடிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது மாமி."

வீடு நிறையச் சனம். அம்மா சொல்லாததை, ஐயா சொல்லாததை, ஒழுங்கையில் நான் சொல்லாததை எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "மூடவேண்டாம். அக்காவுக்கு ஒரு கால் கட்டை. துணியை நீளமாய்க் கிழியுங்கோ."

கிழித்துத் தந்தார்கள். நான்தான் கட்டினேன். இரண்டு தரம் முடிச்சு வழுகிப் போயிற்று, மூன்றாந்தரம் நின்றது.