கடைசிப் பந்திச் சித்தப்பா

சித்தப்பா என்றதும் எனக்கு ஒரு வாழை இலையும் அதில் பளபளத்துக் கிடக்கும் ஆட்டுக்கொழுப்பும்தான் ஞாபகம் வரும். ஆலங்குடிப் பக்கம் ஆடி பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் மொய் விருந்து. ஒரே நாளில் இரண்டு மூன்று பந்தல்களுக்குப் போக வேண்டியிருக்கும். மொய் எழுதிவிட்டுக் கை நனைக்காமல் கிளம்பினால் அழைத்தவர் முகம் சுருங்கிவிடும். சித்தப்பா யார் முகத்தையும் சுருங்க விட்டதில்லை. பரிமாறுகிறவர்களும் அவர் ருசி தெரிந்து, வாளிக்குள் துழாவிக் கொழுப்புத் துண்டாகவே வைப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் அவரைப் புதுக்கோட்டையில் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். கெட்ட கொழுப்பு ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது, மாத்திரையை நிறுத்தக் கூடாது, தினமும் நடக்க வேண்டும், ஆட்டுக்கறியை விட்டுவிடுவது நல்லது என்றார் டாக்டர். சித்தப்பா சிரித்தபடி தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அண்ணனான என் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தது சித்தப்பாவுக்கு அப்போதிருந்த அதே வயதில்தான். தாத்தாவும் அப்படித்தான் போனார். அறுபதாம் கல்யாணம் என்பது எங்களுக்கு அடுத்த வீட்டு விசேஷம். பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேவிட்டேன்.

"நீங்களும் போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா சித்தப்பா?"

ஊர் வரும்வரை அவர் பஸ் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாத்திரையும் நடையும் உடனே பழகிவிட்டன. ஆடிதான் பயமுறுத்தியது. வேண்டாம் என்றால், "ஏன், எங்க வீட்டுச் சோறு எறங்காதோ?" என்பார்கள். நோய் என்று சொன்னாலோ ஊரே திரண்டு வந்து விசாரித்தே ஆளைப் படுக்கவைத்துவிடும். அந்த ஆடியில் முதல் பந்தலுக்குள் நுழைந்த சித்தப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டார். பரிமாறுகிறவரை யாரும் உட்காரச் சொல்வதில்லை. அவருக்குக் கடைசிப் பந்தி. அதற்குள் கறியெல்லாம் தீர்ந்து ரசமும் மோரும்தான் மிஞ்சியிருக்கும். கை நனைத்த மாதிரியும் ஆயிற்று.

"இங்கிட்டும் அங்கிட்டும் நடந்ததுலயே பாதி கொழுப்பு கரைஞ்சிருக்கும் ஆத்தா" என்றார் என்னிடம். இவ்வளவு பெரிய மனுஷன் வாளி தூக்குகிறாரே என்று ஊரே மெச்சியது. சித்தி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அடுத்த பரிசோதனையில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "பந்தி பரிமாறுனேன் சார்" என்றார். மறு ஆடியில் அவர் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் வாளிக்கு அடித்துக்கொண்டார்கள். எல்லார் சட்டைப் பையிலும் மாத்திரை அட்டை இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

போன தை மாதம் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. மாலையும் கழுத்துமாக இருந்தவர், பந்தி தொடங்கியதும் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். சித்தி வேட்டி முனையைப் பிடித்து இழுத்தார்.

"பேசாம உக்காருங்க. இன்னைக்கு நீங்க மாப்பிள்ளை. மொதப் பந்திதான் ஒங்களுக்கு."

நான்தான் அவருக்குப் பரிமாறினேன். பருப்புக்கு நெய் விடப் போனபோது, "கொஞ்சமா ஊத்து ஆத்தா, இன்னும் ரொம்ப வருசம் இருக்கணும்ல" என்றார். ஒரு சொட்டு விட்டேன். சந்தோஷத்தில் கண்ணீர் கண்ணை மறைத்தது. எங்கள் வீட்டு ஆண் ஒருவர் அறுபது வயதில் மாலையோடு சாப்பிடுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்பாவுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.